கேம்பர் வேன் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு: ஓர் இரவுக்கு எவ்வளவு?

இங்கிலாந்தில் கேம்பர் வேன் வாங்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பணத்தைப் புரட்டிவிட முடியும் என்று பட்டதும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் வேன் வாசலில் சும்மா நின்றாலும் செலவு வைக்கும். டயர் ஓடாமலே பழசாகும், பேட்டரி ஓடாமலே படுத்துவிடும், இன்சூரன்ஸ் கட்டணமோ நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் வந்து நிற்கும். அதனால் வருஷத்துக்கு ஆகிற மொத்தச் செலவை, அந்த வேனில் நீங்கள் உண்மையிலேயே படுத்துத் தூங்கப் போகிற இரவுகளால் வகுத்துப் பாருங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பதை அந்த எண்தான் சொல்லும்.

முதலில் இரவுகளை எண்ணுங்கள்

காலண்டரை முன்னால் வைத்துக்கொண்டு, போன வருஷம் எப்படிப் போனது என்பதைப் பார்த்து எண்ணுங்கள், அடுத்த வருஷம் எப்படி இருக்க வேண்டும் என்ற ஆசையில் எண்ணாதீர்கள். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இருந்தால் ஈஸ்டர், கோடையில் ஆறு வாரம், நடுவில் ஒரு வார விடுமுறைகள், அவ்வளவுதான். வார இறுதி எல்லாம் கையில் இருப்பது போலத் தோன்றும். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, நீச்சல் வகுப்பு, யாராவது ஒருவர் வீட்டு விசேஷம் என்று கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுகிறவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். நவம்பரிலிருந்து மார்ச் வரை சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் குறைவு. ஆக, வேலைக்குப் போகிற ஒரு குடும்பம் வருஷத்துக்கு 25 இரவு போனாலே நல்ல உபயோகம் என்று சொல்லலாம். ஓய்வு பெற்ற தம்பதி என்றால் கதையே வேறு, 80, 100 இரவுகூட சாதாரணமாகப் போய் வருவார்கள். இதை நேர்மையாக எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இப்போது ஒரு கணக்கு போடுவோம். எடுத்துக்காட்டுக்கு, ஃபியட் டுகாட்டோவில் கட்டிய ஆறு மீட்டர் வேன், சில வருஷம் ஓடியது, 32,000 பவுண்டுக்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷம் வைத்திருந்து 14,000-க்கு விற்றால் 18,000 பவுண்டு கரைந்திருக்கும், வருஷத்துக்கு 1,800. அதோடு, வேனில் முடங்கிக் கிடக்கிற பணம் வங்கியில் கிடந்திருந்தால் வட்டி வந்திருக்கும். பத்து வருஷத்தில் சராசரியாக 23,000 பவுண்டு முடங்கியிருக்கிறது, 4 சதவீதம் வைத்தால் வருஷத்துக்கு 920. கடனில் வாங்கினால் இதைவிடக் கூடுதலாகவே வரும். இந்த இரண்டுக்கும் ரசீது வராது என்பதால் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, ஆனால் மொத்தச் செலவில் கிட்டத்தட்ட பாதி இதுதான்.

வருஷா வருஷம் வருபவை

இவை சுலபம். இன்சூரன்ஸ் ஒரு 600, சாலை வரி 350 அளவில், எம்ஓடி என்கிற வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனைக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85, என்ஜின் சர்வீஸ் 350, வழியில் நின்றுபோனால் உதவிக்கு வருகிற கவருக்கு 150. ஆக மொத்தம் சுமார் 1,500. உங்கள் வயது, முகவரி, வேனின் வயதைப் பொறுத்து ஏறும் இறங்கும், ஆகவே விலைப்பட்டியலை வாங்குமுன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நிறுத்துமிடத்தைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வீட்டு முன்னால் இடம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. புதிதாகக் கட்டப்பட்ட குடியிருப்புகள் பலவற்றில், வீட்டுப் பத்திரத்திலேயே கேரவன், மோட்டார்ஹோம் நிறுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கும். வீடு வாங்கும்போது வக்கீல் அனுப்பிய காகிதக் கட்டில் அது எங்கோ இருக்கும், எடுத்துப் படியுங்கள். இல்லையென்றால் வெளியே ஸ்டோரேஜ்தான், மாதம் 50 பவுண்டு என்றால் வருஷத்துக்கு 600. லண்டனை ஒட்டிய பகுதிகளில் இன்னும் கூடும், அதிலும் வரிசையில் காத்திருக்க வேண்டி வரலாம். ஸ்டோரேஜ் தூரமாக இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து அங்கே போய் வேனை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சாமான் ஏற்றிக் கிளம்புவதற்குள் இரவு ஒன்பது ஆகிவிடும், அடுத்த முறை வேண்டாம் என்று இருந்துவிடுவோம். இரவுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள்தான்.

லண்டன்காரர்களுக்கு யூலெஸ் என்கிற புகை மாசுக் கட்டணம் வேறு. 2023 ஆகஸ்ட் 29-லிருந்து லண்டனின் எல்லா பரோக்களும் (உள்ளாட்சிப் பகுதிகளும்) அதற்குள் வந்துவிட்டன. டீசல் வேன் யூரோ 6 என்ற புகைத் தரத்தில் இல்லையென்றால் ஓட்டுகிற ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. நிறுத்தியிருந்தால் இல்லை. ஆனால் போகிற நாள், வருகிற நாள் என்று ஒரு பயணத்துக்கு 25 போய்விடும். வருஷத்துக்குப் பத்து பயணம் என்றால் 250. விலை குறைவாக வருகிற பழைய டீசல் வேன் பலவும் அப்படி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில வருஷங்களுக்கு ஒருமுறை வந்து அடிப்பவை

டயரில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கேம்பர் வேன் குறைவாக ஓடுவதால் டயரின் பட்டை தேயாது, பார்த்தால் புதுசு போலவே இருக்கும். ஆனால் ரப்பர் வெயிலிலும் குளிரிலும் காய்ந்து, பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்பு விட ஆரம்பிக்கும். டயரின் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளுக்குப் பின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. விற்பவர் “டயர் எல்லாம் நல்லா இருக்கு” என்று சொல்லும்போது குனிந்து இந்த எண்ணைப் பாருங்கள். ஆறேழு வருஷம் தாண்டியிருந்தால் நாலு டயருக்கு 600 பவுண்டை விலையில் குறைத்துக் கேளுங்கள். கனமான வேனுக்கு கேம்பிங் டயர் என்று தனியாக விற்கிறார்கள், முழுச் சுமையோடு வாரக்கணக்கில் அசையாமல் நிற்பதைத் தாங்குகிற மாதிரி செய்தது, அதையே போடுவது நல்லது.

என்ஜினுக்குள் ஓடுகிற டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது என்பது மைலைப் பொறுத்தது மட்டுமில்லை, வருஷத்தையும் பொறுத்தது. அறுந்தால் என்ஜினே போய்விடும், ஆகவே “இருபதாயிரம் மைல்தானே ஓடியிருக்கு” என்கிற சமாதானத்தை ஏற்காதீர்கள். வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்ற 700 வரை வைத்துக்கொள்ளுங்கள். ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: டி5-இன் பிற்கால 180 குதிரைத்திறன் இரட்டை டர்போ டீசல் என்ஜின், என்ஜினுக்குத் திரும்பப் போகிற புகையைக் குளிர்விக்கிற ஈஜிஆர் கூலர் அரித்து அந்தத் துகள் உள்ளே போய், ஆயிலைக் குடிப்பதற்குப் பேர்போனது. விலை எவ்வளவு இறங்கினாலும் கூலரை மாற்றிய ரசீது இல்லாமல் தொடாதீர்கள்.

வேனுக்குள் விளக்கு, ஃபிரிட்ஜ் போன்றவற்றுக்கான லெஷர் பேட்டரி ஈய வகையாக இருந்தால் அதன் கொள்ளளவில் பாதிக்குமேல் இறக்கக் கூடாது, குளிர்காலம் முழுக்க சார்ஜ் இல்லாமல் விட்டால் செத்துவிடும். லித்தியம் நீண்ட காலம் உழைக்கும், ஆனால் பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. டீசல் ஹீட்டரை மாதம் ஒருமுறையாவது அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட விடுங்கள், குறைந்த வேகத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் உள்ளே கரி அடைத்துக்கொள்ளும். கேஸ் குழாயில் அச்சிட்ட தேதியையும் ஒரு கண் பார்த்துவையுங்கள். கூரை தூக்குகிற வகை வேன் என்றால் அந்தத் துணியும் என்றைக்காவது கிழியும், மாற்றுவது சில நூறு பவுண்டு வேலை. இவை எல்லாவற்றையும் சேர்த்து வருஷத்துக்கு 775 என்று ஒதுக்குங்கள். இந்த வருஷம் ஒன்றும் உடையவில்லையே என்று அந்தப் பணத்தை எடுத்துச் செலவழிக்க வேண்டாம், தனிக் கணக்கில் கிடக்கட்டும்.

தண்ணீர்தான் பெரிய எதிரி

என்ஜின் கெட்டால் பணத்தோடு முடிந்துவிடும். உள்ளே ஈரம் ஏறினால் வேனின் விலையே போய்விடும், குறிப்பாக ஃபைபர் பலகைகளை ஒட்டிக் கட்டிய பெரிய மோட்டார்ஹோம்களில். ஜன்னலைச் சுற்றிய ரப்பர், கூரை ஜன்னலின் விளிம்பு, சோலார் பலகைக்குப் போட்ட துளை, இவற்றில் மயிரிழை இடுக்கு இருந்தால் போதும், இங்கிலாந்து மழை உள்ளே வந்து மரச்சட்டத்தை மெதுவாக உளுத்துப்போக வைக்கும். வெளியே ஒன்றுமே தெரியாது. மேல் அலமாரியைத் திறந்து உள்மூலையை மோந்து பாருங்கள், ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தால் சந்தேகப்படுங்கள். சுவரின் கீழ் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருக்க வேண்டும், பிஸ்கட் போல அமுங்கக் கூடாது. வருஷம் ஒருமுறை வேனின் தங்கும் பகுதியைச் சோதிக்கிற ஹாபிடேஷன் செக்கில் ஈரமானி வைத்துப் பார்ப்பார்கள். 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் நிம்மதி, 20-ஐத் தாண்டினால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும், 30 என்றால் உள்ளே ஏற்கெனவே உளுத்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனைக்கு 250 பவுண்டு கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

குளிர்காலத்தில் குழாய்களில் இருக்கிற தண்ணீர் இன்னொரு வழியில் கெடுக்கும். அக்டோபர் கடைசிக்குள் தொட்டி, பாய்லர், குழாய் எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள், பைப்புத் திருகுகளை வெந்நீருக்கும் பச்சைத்தண்ணீருக்கும் நடுவில் திறந்தே வையுங்கள், ஷவர் தலையை இறக்கிக் கீழே போடுங்கள். ட்ரூமா கம்பெனி பாய்லர்களில் 3 டிகிரி வாக்கில் தானாகத் திறந்து தண்ணீரை வெளியே விடுகிற வால்வு உண்டு. அது பாய்லரைக் காப்பாற்றும், சமையலறைக் குழாயைக் காப்பாற்றாது. அப்புறம், சும்மா நிற்கிற வேனை “கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணி வைப்போம்” என்று ஐந்து நிமிஷம் ஓட விட்டு அணைப்பது டீசல் புகை வடிகட்டிக்குக் கெடுதல். ஓட்டினால் நெடுஞ்சாலையில் அரை மணி ஓட்டுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சரி, கூட்டுவோம்

தேய்மானம் 1,800, வட்டி 920, வருஷச் செலவு 1,505, ஸ்டோரேஜ் 600, ஹாபிடேஷன் செக் 250, ரிப்பேர் ஒதுக்கீடு 775. மொத்தம் 5,850 பவுண்டு. 25 இரவு போகிறவருக்கு ஓர் இரவு 234 பவுண்டு. 60 இரவு போகிறவருக்கு 97.50. இதில் டீசலும் கேம்ப்சைட் வாடகையும் இன்னும் சேரவில்லை. கோடையில் மின் இணைப்போடு ஓர் இரவுக்கு 30 பவுண்டு என்று வையுங்கள். டீசல், கேலனுக்கு 30 மைல் என்ற கணக்கில் 3,000 மைலுக்கு 455 லிட்டர் ஆகும். ஆனால் இந்த இரண்டும் வாடகை வேனுக்கும் உண்டு, ஆகவே ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் அடித்துவிடலாம்.

வாடகைக்கு எடுத்தால் சீசனில் ஓர் இரவுக்கு 130 பவுண்டு என்று வைத்தால், 5,850-ஐ 130-ஆல் வகுக்க 45 வருகிறது. வருஷத்துக்கு 45 இரவுக்குமேல் போகிறவர் வாங்கட்டும். 20, 25 இரவு போகிறவர் வாடகைக்கு எடுத்தால் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்குமேல் மிச்சம், அந்தப் பணத்தில் பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்.

இந்தக் கணக்கைப் புரட்டிப்போடுகிற வழி ஒன்று இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் டி6 மாதிரி ஐந்து மீட்டருக்குள் அடங்குகிற வேனை வாங்கி, வீட்டின் இரண்டாவது காரை விற்றுவிடுவது. பள்ளிக்கும் கடைக்கும் அதிலேயே போகலாம், ஸ்டோரேஜ் வேண்டாம், அந்தக் காருக்கு ஆன இன்சூரன்ஸும் வரியும் தேய்மானமும் இந்தக் கணக்கிலிருந்து கழியும். குளியலறை கிடையாது, நாலு பேர் படுத்தால் நெருக்கம்தான். ஆனாலும் பிள்ளைகள் உள்ள குடும்பம் வாங்கத்தான் வேண்டும் என்றால் நான் சொல்வது இதைத்தான். தூக்குகிற கூரை பொருத்தினால் உயரம் இரண்டு மீட்டரை ஒட்டி வரும், கார் பார்க்கிங் தடுப்புக் கம்பி இடிக்குமா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள். சரக்கு வேனை வாங்கி நீங்களே கட்டுவதாக இருந்தால், வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ அதை மோட்டார் கேரவன் என்று லாக் புக்கில் (பதிவுப் பத்திரத்தில்) மாற்றித் தருவது இப்போது சுலபமில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கட்டுமுன்பே பேசுங்கள்.

எந்த வேனைப் பார்க்கப் போவதற்கு முன்னும் அதன் நம்பரை அரசின் இணையதளத்தில் போட்டு எம்ஓடி வரலாற்றைப் பாருங்கள், இலவசம்தான். மைல் ஒழுங்காக ஏறியிருக்கிறதா, அடியில் துரு என்ற குறிப்பு வருஷா வருஷம் திரும்ப வருகிறதா என்று தெரிந்துவிடும். அதுவும் சரியாக இருந்தால், அதே மாடலை அக்டோபர் மாதத்தில், மழை நாள் பார்த்து, ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு போய் வாருங்கள். ஈரச் சப்பாத்தும் ஜாக்கெட்டும் எங்கே காயப்போடுவது, ராத்திரி யார் யாரைத் தாண்டிப் போவது என்பதெல்லாம் தெரிந்த பிறகு, முதலில் எழுதிய இரவு எண்ணிக்கையைத் திருத்தி எழுதி, இன்னொரு முறை வகுத்துப் பாருங்கள்.