புகழ்பெற்ற உரைகளிலிருந்து பேசக் கற்பவர்கள் செய்யும் தவறுகள்

மேடைப் பேச்சு பழக விரும்புகிறவர்களில் பலர், புகழ்பெற்ற உரை ஒன்றை எடுத்து வரி பிசகாமல் மனப்பாடம் செய்கிறார்கள். அந்த உழைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரிகள் நாவில் தங்கிவிடும். அவற்றைக் கட்டிய விதம் கண்ணில் படாமலே போய்விடும்.

அமெரிக்க அதிபர் லிங்கன் 1863 நவம்பர் 19 அன்று, உள்நாட்டுப் போரின் களமான கெட்டிஸ்பர்க்கில், மாண்ட வீரர்களுக்கான கல்லறை நிலத்தை அர்ப்பணிக்கும் விழாவில் பேசியது சுமார் 270 சொற்கள்தான். அவருக்கு முன் அன்றைய புகழ்பெற்ற பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசியிருந்தார். இதைக் கேட்டதும் 'சுருக்கமாகப் பேச வேண்டும்' என்ற பாடத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, 'அர்ப்பணித்தல்' என்று பொருள்படும் சொல்லை அந்த உரையில் கோடிட்டுப் பாருங்கள். ஆறு இடங்களில் வரும். முதலில், ஒரு கொள்கைக்கு அர்ப்பணிக்கப்பட்ட நாடு. பிறகு, மாண்ட வீரர்களுக்கு அர்ப்பணிக்க வந்திருக்கும் நிலம். உடனே, அந்த நிலத்தை அர்ப்பணிக்க நம்மால் ஆகாது என்கிறார். கடைசியில், அர்ப்பணித்துக்கொள்ள வேண்டியவர்கள் உயிரோடு நிற்கும் நாம்தான் என்று முடிச்சைப் போடுகிறார். ஒரே சொல் இவ்வளவு பாரத்தைச் சுமப்பதால்தான் உரை அத்தனை சிறியதாக இருக்க முடிந்தது.

எடுத்த எடுப்பிலேயே அடுக்கிப் பேசுவது இன்னொரு தவறு. 1940 ஜூன் 4 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சர்ச்சில் 'போரிடுவோம்' என்று மீண்டும் மீண்டும் சொன்னது பலருக்கும் தெரியும். அது உரையின் இறுதிப் பகுதி. அதற்கு முன், ஜெர்மன் படையிடம் சிக்கவிருந்த வீரர்களைப் பிரான்ஸின் டன்கர்க் துறைமுகத்திலிருந்து கப்பலில் மீட்டதையும், அங்கே இழந்ததையும் நெடுநேரம் விவரித்து, பின்வாங்கி மீண்டதால் போரில் வென்றதாகாது என்ற கசப்பையும் மறைக்காமல் சொல்லியிருந்தார். அந்த அடுக்கின் வரிசையையும் கவனியுங்கள்: பிரான்ஸ், கடல், வானம், கடற்கரை, வயல், தெரு, குன்று. வினைச்சொல் அசையாமல் நிற்க, போர் வீட்டு வாசலை நோக்கி வருகிறது. இந்த நகர்வு இல்லாத அடுக்கு வெறும் கூச்சல்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் 'எனக்கொரு கனவு உண்டு' என்ற பகுதி, 1963 ஆகஸ்ட் 28 அன்று அவர் கையில் இருந்த தாளில் இல்லை. இதை ஆதாரமாகக் காட்டித் தயாரிப்பே வேண்டாம் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. அதே கனவை அவர் இரண்டு மாதங்களுக்கு முன்பே டெட்ராய்ட்டில் பேசியிருந்தார். பலமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகிய பகுதிதான் தாளை விட்டு விலகிய நேரத்தில் அவருக்குக் கைகொடுத்தது. நீங்களும் உங்கள் உரையில் ஒரு பகுதியையாவது வெவ்வேறு கூட்டங்களில் பேசிப் பாருங்கள்.

குரலைப் பின்பற்றுவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சர்ச்சிலின் அந்த உரை நிகழ்ந்த அன்று ஒலிப்பதிவு செய்யப்படவில்லை. இன்று நாம் கேட்பது 1949-இல் அவர் படித்துப் பதிவு செய்தது. ஏற்ற இறக்கத்தை அதிலிருந்து நகலெடுப்பதைவிட, எழுத்து வடிவத்தை வாய்விட்டுப் படித்து, மூச்சு எங்கே நிற்கிறது என்று உங்கள் குரலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.