செப்சிஸைக் குறியீட்டால் தேடுபவர்கள் விடும் பிழைகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று வன்னி ஆஸ்பத்திரிப் பதிவுகளை வைத்து ஆய்வு செய்ய இளம் வைத்தியர்கள் பலர் வருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் செப்சிஸ் (தொற்றினால் உடலின் உறுப்புகளே பழுதடையும் ஆபத்தான நிலை) என்று வந்தால், நாங்கள் ஆரம்பத்தில் விட்ட அதே பிழைகளைத்தான் விடுகிறார்கள். ஒரே ஆளை இரண்டு தரம் எண்ணுவது போன்றவை தானாகத் திருந்தும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

குறியீடு உள்ள கோவையை மட்டும் திறப்பது

இதுதான் இன்றும் எனக்கு எரிச்சல். நோய்களுக்குக் குறியீடு போடும் சர்வதேசப் பட்டியலான ஐ.சி.டி-10 இல், செப்சிஸிற்குரிய ஏ40, ஏ41 விழுந்தவர்களின் பி.எச்.ரி.யை, அதாவது ஆஸ்பத்திரியில் தங்கிய நோயாளியின் சிகிச்சைக் கோவையை, புரட்டுவார்கள். பெரும்பாலானோருக்கு செப்சிஸ் இருந்திருக்கும். உடனே "குறியீடு நம்பகமானது" என்று எழுதிவிடுவார்கள். நோய் இருந்தும் குறியீடு விழாதவர்கள் எத்தனை பேர் என்பது அதில் தெரியவே தெரியாது.

காலபோக மழையில் வயலில் நின்று, காய்ச்சலோடு வந்த ஒருவரின் பி.எச்.ரி. இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. இரத்த அழுத்தம் 80/50. சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியேட்டினின் நாளுக்கு நாள் ஏறுகிறது, சிறுநீர் குறைகிறது, கண் மஞ்சள். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது எழுதியது "எலிக்காய்ச்சல்" மட்டும். குறியீடு ஏ27. ஆய்வில் அவர் செப்சிஸ் இல்லாதவர்! நீரிழிவுக்காரருக்கு வரும் மெலியோய்டோசிஸும் (மண்ணிலும் நீரிலும் இருக்கும் ஒரு பாக்டீரியாவால் வரும் தொற்று) அப்படித்தான். அது ஏ24. ஏ41 இற்குள் அதைச் சேர்க்கக்கூடாது என்பது ஐ.சி.டி-10 இன் விதி. பதிவு உத்தியோகத்தர் விதிப்படிதான் போட்டிருக்கிறார், அவரைக் குறை சொல்லாதீர்கள்.

குறியீடு இல்லாத பக்கத்தையும் திறவுங்கள். தொற்றுநோய்க் குறியீடு உள்ளவர்கள், ஐ.சி.யு. போனவர்கள், இறந்தவர்கள், மற்றவர்கள் என்று பிரித்து ஒவ்வொன்றிலும் எழுமாற்றாகக் கோவைகளை எடுங்கள். கணக்குப் பார்க்கும்போது ஒவ்வொரு பிரிவின் அளவுக்கேற்ப நிறை கொடுங்கள். என்ன குறியீடு விழுந்தது என்று தெரியாத இருவர் தனித்தனியாக வாசிக்கட்டும். அளவுகோல் செப்சிஸின் 2016 வரையறை: தொற்று இருக்க வேண்டும், அதனால் சோஃபா புள்ளி (உறுப்புகள் எவ்வளவு பழுதடைந்துள்ளன என்பதற்கான மதிப்பெண்) 2 அல்லது அதற்கு மேல் ஏறியிருக்க வேண்டும்.

அமெரிக்கப் பட்டியலை அப்படியே எடுப்பது

கடுமையான செப்சிஸிற்கான ஆர்65.20, ஆர்65.21 இரண்டும் ஐ.சி.டி-10 இன் அமெரிக்கப் பதிப்பின் குறியீடுகள். உலக சுகாதார நிறுவனப் பதிப்பில் செப்டிக் ஷொக்கிற்கு (செப்சிஸால் இரத்த அழுத்தம் ஆபத்தாக விழுவதற்கு) ஆர்57.2.

தாய்மாரையும் பச்சிளங் குழந்தைகளையும் மறப்பது

பிரசவத்துக்குப் பின் தாய்க்கு வரும் செப்சிஸிற்கு ஓ85 (O85), பச்சிளங் குழந்தையின் செப்சிஸிற்கு பி36 (P36). சேருங்கள்.

குருதி வளர்ப்பில் கிருமி இல்லையென்று விலக்குவது

வேண்டாம். பிரதேச ஆஸ்பத்திரியில் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டு அனுப்பிய பிறகு எடுத்த இரத்தத்தில் கிருமி வளராமல் போவது சாதாரணம்.

வரைபு ஏறினால் நோய் கூடியது என்பது

அமெரிக்காவில் 2009 முதல் 2014 வரை, குறியீட்டால் எண்ணியபோது செப்சிஸ் ஆண்டுதோறும் ஏறியது. அதே காலத்தை நோயாளர்களின் மருத்துவத் தரவுகளால் எண்ணியபோது பெரிய மாற்றமே இல்லை. 2017 இல் வந்த ஆய்வு இது. கவனமாகக் குறியீடு போடும் ஒருவர் வேலைக்கு வந்தாலே வரைபு ஏறிவிடும். ஆகவே ஆள் மாறிய, படிவம் மாறிய மாதங்களை முதலில் பதிவறையில் கேட்டு, வரைபில் கோடு போட்டுக் குறியுங்கள்.