வேல்ஸ் சிற்றூரின் கதையைத் துருவிப் பார்ப்பது எப்படி: பெத்கெலெர்ட்டை வைத்து ஒரு வழி

வேல்ஸில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் அந்த ஊரின் கதை ஒன்று முன்னால் வந்து நிற்கும். வரலாறு தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அந்தக் கதையை ஒதுக்காதீர்கள். அதையே பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். முதலில் சொன்னது யார்? எப்போது? எந்த இடத்தைக் காட்டிச் சொன்னார்? இந்த மூன்று கேள்வி போதும், ஊரே திறந்துகொள்ளும்.

வடக்கு வேல்ஸில், எரரி (ஸ்னோடோனியா) மலைகளுக்கு நடுவே, கிளாஸ்லின், கொல்வின் என்ற இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் இருக்கிறது பெத்கெலெர்ட். இந்த வழியைப் பழக இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது.

கதை இதுதான். 13ஆம் நூற்றாண்டு இளவரசர் லிவெலின் வேட்டை முடிந்து திரும்புகிறார். தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, குழந்தையைக் காணோம். நாய் கெலெர்ட்டின் வாயெல்லாம் ரத்தம். வாளை உருவிக் குத்திவிடுகிறார். அப்புறம்தான் குழந்தையின் அழுகை கேட்கிறது. பக்கத்தில் செத்துக் கிடக்கிறது ஓநாய்.

படிக்கும்போதே உங்களுக்குக் கீரிப்பிள்ளை ஞாபகம் வந்திருக்கும். பஞ்சதந்திரத்தில் இருக்கிறது. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையிலும், கீரியைக் கொன்ற பார்ப்பனிக்காகக் கோவலன் பொருள் கொடுத்துப் பழி தீர்த்த செய்தி வருகிறது. முதல் சோதனை இங்கேதான்: ஓர் ஊரின் கதை வேறு விலங்கோடு வேறு தேசத்திலும் நடமாடினால், அது அந்த ஊரில் பிறந்திருக்க வாய்ப்பு குறைவு. எங்கிருந்தோ நடந்து வந்திருக்கிறது. அப்படியானால் யார் கூட்டிவந்தார்கள் என்று தேட வேண்டும்.

அதற்கு நேரே அந்த நாயின் கல்லறை என்று காட்டுகிற இடத்துக்குப் போங்கள். கிராமத்திலிருந்து ஆற்றோரமாக நடந்தால் வயல் நடுவே மரத்தடியில், வேலிக்குள், வேல்ஷ் மொழியில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக இரண்டு சிலேட்டுப் பலகைகள். பலகை 13ஆம் நூற்றாண்டு என்கிறது. ஆனால் நடுகல்லை அங்கே வைத்தது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். தெற்கு வேல்ஸிலிருந்து 1793 வாக்கில் வந்து, இங்கே கோட் ஹோட்டலை நடத்திய டேவிட் பிரிச்சர்டும் ஊர்க்காரர்கள் சிலரும் சேர்ந்து செய்த வேலை அது. அப்போது பிரான்சோடு போர். ஐரோப்பா போக முடியாத ஆங்கிலேயப் பயணிகள் வேல்ஸ் மலைகளைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்களில் ஒருவரான வில்லியம் ராபர்ட் ஸ்பென்சர் 1800 வாக்கில் இந்தக் கதையைப் பாட்டாக எழுதினார். அதற்கு இசை அமைத்தவர் புகழ்பெற்ற ஆஸ்திரிய இசைமேதை ஹைடன்! அதன்பின் கதையைத் தடுக்க யாரால் முடியும்?

வேல்ஷ் மொழியில் ‘பெத்’ என்றால் கல்லறை; பெத்கெலெர்ட் என்றால் கெலெர்ட்டின் கல்லறை. இந்தப் பெயரோ 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே இருக்கிறது. கெலெர்ட் என்பவர் அதற்கும் முன் வாழ்ந்த துறவி என்பதுதான் ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அதனால் அடுத்து மரியன்னை தேவாலயத்துக்குள் போய்க் கிழக்குச் சுவரைப் பாருங்கள். ஒடுங்கி உயர்ந்த மூன்று கூர்முனைச் சன்னல்கள். அகஸ்தினியத் துறவியர் மடத்தில் மிஞ்சியது இது. லிவெலின் காலத்துக் கல்லைத் தொட ஆசையென்றால் தொட வேண்டியது இதைத்தான். நாயின் கல்லறையில் நிற்கிற கூட்டத்தில் பாதிகூட இங்கே வருவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

காகித வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம். வேல்ஸ் தேசிய நூலகம் 1919 வரையிலான பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். பெயரைச் சேர்த்தும் பிரித்தும், ‘பெத்’ என்பதன் இறுதியை ஆங்கிலேயர் எழுதிய மாதிரியும் போட்டுப் பாருங்கள். 1840களை ஒட்டிய தசமபாக வரைபடங்களும் (தேவாலயத்துக்கான பத்திலொரு பங்கு வரிக்காக வரைந்தவை) அங்கேயே கிடைக்கும். வயலுக்கு வயல் பெயர், உடைமையாளர், குத்தகைக்காரர் எல்லாம் இருக்கும். கட்டடங்களுக்கு காஃப்லைன் என்ற அரசுத் தரவுத்தளம். இந்த ஊருக்கென்று டி. இ. ஜென்கின்ஸ் 1899இல் வெளியிட்ட தொகுப்பு தனிப் புதையல். பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது.

பிரிச்சர்டைப் பற்றியே அதில் ஒரு கதை உண்டு. உயில் எழுதாமல் இறந்துபோன அவர், ஆவியாக ஒரு வேலையாள் முன் வந்து, ஹோட்டல் அடுப்புக்கல்லுக்குக் கீழே பணம் இருக்கிறது, மனைவியிடம் சொல் என்றாராம். கதை கொண்டுவந்தவரே கதையாகிவிட்டார். இதையெல்லாம் பொய் என்று அடித்துவிடாதீர்கள். நோட்டில் இடப்பக்கம் சொன்னதை எழுதுங்கள், வலப்பக்கம் எப்போது யார் சொன்னார்கள் என்று எழுதுங்கள். ஊர்க்காரர் யாராவது பேச்சுக் கொடுத்தால், “இதை உங்களுக்கு யார் சொன்னாங்க?” என்று மட்டும் கேளுங்கள். “நிஜமா?” என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

கடைசியாக, ஊருக்கு அருகிலுள்ள டினாஸ் எம்ரிஸ் குன்று. ரோமர் போனபின் பிரிட்டனை ஆண்டதாகச் சொல்லப்படும் வோர்டிகெர்ன் மன்னன் கட்டிய கோட்டை இடிந்து இடிந்து விழ, அடியில் ஒரு குளமும் அதில் சண்டையிடும் செந்நாகமும் வெண்ணாகமும் இருப்பதாகச் சிறுவன் எம்ரிஸ் காட்டினான் என்பது கதை. வேல்ஸ் கொடியிலுள்ள சிவப்பு டிராகனுக்கு வேர் இதுவே என்பார்கள். இங்கே வலப்பக்கம் வேறு மாதிரி நிரம்பும்: கதை 9ஆம் நூற்றாண்டு லத்தீன் ஏட்டிலேயே பதிவாகியிருக்கிறது. 1954 முதல் 1956 வரை தொல்லியலாளர் எச். என். சேவரி தோண்டியபோது உச்சியில் ஒரு செயற்கைக் குளமும், ரோமர் காலக் கடைசியையும் அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளையும் சேர்ந்த குடியிருப்பின் தடங்களும் கிடைத்தன. மேலே தெரிகிற சதுரக் கோபுர அடித்தளம் இன்னும் பிந்தியது. அதை வோர்டிகெர்ன் கோட்டை என்று எழுதிவிடாதீர்கள். பக்கத்திலுள்ள கிராஃப்லுவினிலிருந்து, பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பாதை ஏறுகிறது. மழைக்குப் பின் பாறை வழுக்கும், பிடிப்புள்ள காலணி வேண்டும். உச்சியில் முதலில் அந்தக் குளம் இருந்த பள்ளத்தைத் தேடுங்கள், கோபுரத்தை அப்புறம் பார்க்கலாம்.