விதைப்புக்கு முன்னரே வாங்குவோரை உறுதிசெய்தல்: வன்னிக் கிராமமொன்றில் உள்ளூர் உணவுக் கூட்டிணைவை அமைக்கும் முறை

தை, மாசி மாதங்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்களில் அறுவடையாகும் காலபோக (மாரிப் பருவ) நெல்லில் பெரும்பகுதி ஈரம் காயுமுன்னரே வெளிமாவட்ட வியாபாரிகளின் லொறிகளில் ஏறிவிடுகிறது. அதை விளைவித்த குடும்பங்களிற் பல, சில மாதங்களில் கடை அரிசியை நம்பியிருக்க நேர்கிறது. இதற்குக் காரணம் விளைச்சற் குறைவு அன்று. நெல்லைக் காயவைத்துச் சேமிக்கும் ஏற்பாடும், உரிய விலைக்கு அதை வாங்குவதாக முன்கூட்டியே உறுதியளிக்கும் உள்ளூர் அமைப்பும் இல்லாமையே.

விளைவிப்போரையும் வாங்குவோரையும் கிராமத்துக்குள்ளேயே இணைக்கும் இத்தகைய உணவுக் கூட்டிணைவுக்கெனப் புதிய சங்கமொன்றைத் தொடங்கவேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்ற கமக்காரர் அமைப்பு, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், பாடசாலை ஆகிய நான்கையும் ஒரே மேசைக்கு அழைத்து, கிராம அலுவலரையும் விவசாயப் போதனாசிரியரையும் உடன் வைத்துக்கொண்டாற் போதும்.

முதலிற் கணக்கெடுங்கள். ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 100 கிலோ அரிசி என்று கொண்டால், நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 400 கிலோ அரிசி, அதாவது 600 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான நெல் தேவை. பயறு, உழுந்து, மரக்கறி, பால், குளத்து மீன் ஆகியவற்றுக்கும் இவ்வாறே வீடுவீடாகக் கேட்டு எழுதினால், கிராமம் எதை வெளியிலிருந்து வாங்குகிறது என்பது தெளிவாகும். இக்கணக்கை மாதர் சங்கத்தினரிடம் ஒப்படைப்பதே சிறந்தது; அடுப்படியின் உண்மையான தேவையை அவர்களே அறிவர்.

ஒப்பந்தம் புரட்டாதி விதைப்புக்கு முன்னரே எழுதப்படவேண்டும். ஒவ்வொரு கமக்காரரும் தம் விளைச்சலில் ஒரு சிறு பங்கை, முதலாண்டில் ஐந்தில் ஒன்றுக்கு மேற்படாமல், கூட்டுறவுச் சங்கத்துக்குத் தர உடன்படட்டும். குறைந்தபட்ச விலை, ஈரப்பத அளவு, கொடுப்பனவு நாள் ஆகிய மூன்றும் எழுத்தில் இருத்தல் வேண்டும். அறுவடைக் கூலியும் உரக் கடனும் நெருக்கும் வேளையிற் பணம் தாமதமானால் எவரும் வியாபாரியிடமே செல்வர், அவர்களைக் குறைகூறுவதும் நியாயமன்று. எனவே கையிலுள்ள பணத்துக்கு ஏற்ற அளவு நெல்லை மட்டுமே சங்கம் பொறுப்பேற்கவேண்டும்.

அதிக கவனம் தேவைப்படுவது களஞ்சியத்துக்கே. இயந்திரத்தால் அறுவடை செய்த நெல்லில் ஈரப்பதம் பெரும்பாலும் நூற்றுக்கு 20இற்கு மேல் இருக்கும். சேமிப்பதற்கு அது 14ஆகக் குறையவேண்டும். வீதித் தாரில் பரப்பினால் அளவுமீறிய வெப்பத்தால் மணி வெடித்து, ஆலையிற் குறுணல் மிகும். சீமெந்துத் தளத்தில் அல்லது படங்கில் இரண்டு முதல் நான்கு சென்ரிமீற்றர் தடிப்பிற் பரப்பி, அரைமணிக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். ஈரப்பதமானி இல்லாவிடில், நன்கு உலர்ந்த உப்பையும் நெல்லையும் கண்ணாடிப் போத்தலிலிட்டுக் குலுக்கிச் சிறிதுநேரம் வையுங்கள். உப்பு போத்தலின் உட்புறத்தில் ஒட்டினால் நெல் இன்னும் காயவேண்டும். மூடைகளை மரச் சட்டங்களின் மேல், சுவரிலிருந்து விலக்கி அடுக்குங்கள். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பாரம்பரிய இனங்களின் விதைநெல்லைக் கலப்பின்றித் தனியே வையுங்கள்.

அறுவடை முடிந்த வயலில் எஞ்சும் ஈரத்திற் பாசிப்பயறு விதைத்தால் இரண்டு மாதங்களுக்குச் சற்றுக் கூடுதலான காலத்திற் காய் பறிக்கலாம். வேர்முடிச்சுகள் மண்ணுக்கு நைதரசனும் சேர்க்கும். ஆயினும் கட்டாக்காலி மாடுகளை மேய்ச்சற் தரைக்கு அகற்றும் நாளைக் கால்நடை வளர்ப்போருடன் முன்னரே பேசித் தீர்க்காவிடில் ஒரு காயும் மிஞ்சாது. அடுத்துவரும் சிறுபோகத்தில் (கோடைப் பருவப் பயிர்ச்செய்கையில்) எத்தனை ஏக்கருக்கு நீர் கிடைக்கும் என்பதைக் குளத்தின் நீர்மட்டமே தீர்மானிப்பதால், அதுபற்றி முடிவெடுக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் முடிவு வந்தபின் நெல்லுக்கும் உபஉணவுப் பயிர்களுக்குமான அளவைத் திருத்துங்கள்.

வீட்டுத்தோட்டக் கீரை, பயற்றங்காய், மரவள்ளி ஆகியவற்றுக்குப் பாடசாலை மதிய உணவே நம்பகமான முதல் வாடிக்கை. சமைக்கும் தாய்மாரிடம் வாராந்தத் தேவையைக் கேட்டறிந்து, கிணறுள்ள வீடுகளுக்கும், குறிப்பாகப் போருக்குப்பின் பெண்கள் தனித்து நடத்தும் குடும்பங்களுக்கும், அதை முறைவைத்துப் பகிர்ந்தளியுங்கள். வாங்கிய அளவும் கொடுத்த விலையும் எழுதப்பட்ட தாளை, மாதந்தோறும் சங்கக் கடையின் முகப்பில் எல்லோரும் பார்க்க ஒட்டிவையுங்கள்.