நினைவுப் பலகையில் அதிகாரிகளின் பெயர் எழுதும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் சோம் பகுதியில் மாமெட்ஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், சரிவான நிலத்தில், மரங்களை ஒட்டி ஒரு சின்ன போர்க் கல்லறை இருக்கிறது. அதன் பெயர் டெவன்ஷர் கல்லறை. 163 பேர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். இரண்டு பேரைத் தவிர எல்லோருமே பிரிட்டிஷ் ராணுவத்தின் டெவன்ஷர் ரெஜிமென்ட்டில் 8, 9ஆம் பட்டாலியன்காரர்கள். பெரும்பாலோர் 1916 ஜூலை 1 அன்று, முதல் உலகப் போரில் நடந்த சோம் சண்டையின் முதல் நாளிலேயே இறந்தவர்கள். கற்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்பதைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கும். இறந்தவர்களைப் பழைய பதுங்கு அகழி ஒன்றில் வரிசையாகக் கிடத்தி மண் மூடியதால்தான் இந்த நெருக்கம்.

இங்கிலாந்தில் நான் வசிக்கும் ஊரில் போரில் இறந்த அதிகாரிகளுக்கு நினைவுப் பலகை வைக்க ஒரு குழு சேர்ந்தபோது, பெயர்களைச் சரிபார்க்கும் வேலை என்னிடமும் வந்தது. முதல் பட்டியலை நல்ல மனதோடுதான் தயாரித்திருந்தார்கள். ஆனால் ஒருவருக்கு இறந்த தேதி தவறு, ஒருவருக்குப் பட்டாலியன் தவறு, இன்னொருவரின் கதையில் பாதி யாரோ சேர்த்த அலங்காரம். கல்லில் ஏறிய எழுத்தை அப்புறம் யாரும் சந்தேகப்படுவதில்லை. அதனால் ஏறும் முன்பே பார்த்துவிட வேண்டும். இதே வேலையைச் செய்யப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அழகான கதையை அப்படியே நம்புவது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். 9ஆம் டெவன்ஷரின் லெப்டினன்ட் வில்லியம் நோயல் ஹாட்ஜ்சனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிஷப்பின் மகன், கவிஞர், மிலிட்டரி கிராஸ் பதக்கம் பெற்றவர். இறக்கும்போது வயது 23. தாக்குதலுக்கு முன் ஒரு வீரன் கடவுளிடம் வேண்டுவதாக அவர் எழுதிய கவிதை மிகவும் பிரபலம். 'போருக்கு முந்தின இரவு, சாவு நிச்சயம் என்று தெரிந்து எழுதினார்' என்று இன்றும் பல இடங்களில் படிக்கலாம்.

தேதிகளைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் கவிதை 'நியூ விட்னஸ்' என்ற வாரப் பத்திரிகையில் எட்வர்ட் மெல்போர்ன் என்ற புனைபெயரில் அச்சானது 1916 ஜூன் 29 அன்று. அவர் இறந்தது ஜூலை 1. பிரான்சிலிருந்து தபாலில் லண்டன் போய், அச்சுக் கோத்து, இதழாக வெளிவர எத்தனை நாள் ஆகியிருக்கும்? முந்தின இரவில் எழுதியிருக்க வழியே இல்லை. தாக்குதலைத் தொடங்க முதலில் குறித்த நாளும் ஜூன் 29தான். மழையால் அதை இரண்டு நாள் தள்ளி வைத்தார்கள்.

இதைச் சொன்னால் சிலருக்கு மனம் சங்கடப்படும். கவிதையின் மதிப்பு குறைந்துவிடுமோ என்று கேட்பார்கள். எனக்கு அதன் மதிப்பு கூடத்தான் செய்கிறது. ஒரு ராத்திரியின் பதற்றத்தில் வந்த வரிகளாக இல்லாமல், நாள்கணக்கில் அந்தப் பயத்தோடு வாழ்ந்துகொண்டே வேலை பார்த்த ஓர் இளைஞனை அதில் பார்க்கிறேன்.

அதே பட்டாலியனின் கேப்டன் டங்கன் மார்ட்டின் கதையும் இப்படித்தான். தாக்க வேண்டிய நிலப்பகுதியை அவர் பிளாஸ்டிசின் என்ற களிமண் போன்ற பொருளில் மாதிரியாகச் செய்தார், மாமெட்ஸ் ஊர்க் கல்லறையில் இருந்த சிறு ஆலயத்தருகே எதிரியின் இயந்திரத் துப்பாக்கி இருந்தால் தன் ஆட்கள் மான்சல் தோப்புப் பக்கம் அழிந்துபோவார்கள் என்று அஞ்சினார் என்பது வரலாறு. அவர் இறந்ததும் அந்தத் தோப்பருகேதான். 'அவர் குறித்த அதே துப்பாக்கி, அவர் சொன்ன அதே இடத்தில் அவரைக் கொன்றது' என்ற வரி பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. இயந்திரத் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் கொத்துக்கொத்தாய் விழுந்த ஒரு காலை வேளையில், இந்தக் குண்டு இந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று யாரால் பார்த்துச் சொல்ல முடியும்? அவர் எதற்கு அஞ்சினார், எங்கே இறந்தார் என்ற இரண்டையும் எழுதினாலே போதும். படிப்பவருக்கு நெஞ்சு கனக்கும்.

கல்லறை வாயிலில் உள்ள வாசகத்தையும் கவனித்துப் படிக்க வேண்டும். 'இந்த அகழி டெவன்ஷர்காரர்கள் வசம் இருந்தது, இன்னும் அவர்கள் வசமே இருக்கிறது' என்பது அதன் பொருள். இதைப் படித்துவிட்டு 'அகழியைக் காத்து நின்று அங்கேயே மடிந்தார்கள்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. நடந்தது வேறு. அவர்கள் முன்னேறிச் செல்லும்போது வெட்டவெளியில் விழுந்தார்கள். எர்னஸ்ட் கிராஸ் என்ற ராணுவப் பாதிரியார் முன்னின்று உடல்களைத் தேடிச் சேர்த்து, தங்கள் பக்கத்துப் பழைய அகழிக்கே கொண்டுவந்து, ஜூலை 4 அன்று இறுதிச் சடங்கு செய்தார். முதலில் அங்கே நின்றது ஒரு மரப்பலகை. இப்போது நாம் பார்க்கும் கல் 1986இல் வைத்தது.

பதவியும் பட்டாலியனும்

பிரிட்டிஷ் காலாட்படையில் ரெஜிமென்ட் என்பது குடும்பப் பெயர் மாதிரி. சண்டை போடும் அலகு பட்டாலியன். ஒரே ரெஜிமென்ட்டின் 1ஆம் பட்டாலியன் பிரான்சில் இருக்கும்போது இன்னொன்று மெசொப்பொட்டேமியாவில் இருக்கலாம். அதனால் 'டெவன்ஷர் ரெஜிமென்ட்' என்று மட்டும் எழுதினால் அந்த மனிதர் எங்கே, எந்தச் சண்டையில் இறந்தார் என்பதே தொலைந்துபோகும். டெரிட்டோரியல் ஃபோர்ஸ் என்ற பகுதிநேரத் தொண்டர் படையின் பட்டாலியன்களில் 1/5, 2/5 என்று எண்கள் வரும். அது பின்னம் இல்லை. 5ஆம் பட்டாலியனிலிருந்து பிரிந்த முதல் படை, இரண்டாம் படை என்று பொருள். சாய்கோட்டை விட்டுவிட்டால் 15, 25 ஆகி வேறு பட்டாலியன் வந்துவிடும்.

அதிகாரிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு ரெஜிமென்ட்டில் நியமனம் பெற்று வேறு பட்டாலியனோடு இணைந்து பணியாற்றியவர்கள் ஏராளம். பட்டாலியன் மருத்துவரும் பாதிரியாரும் ஆவணத்தில் வேறு பிரிவைச் சேர்ந்தவர்கள், ஆனால் இருந்தது இந்த ஆட்களோடு. ரெஜிமென்ட் பட்டியலை மட்டும் பார்த்தால் இவர்கள் விடுபட்டுப் போவார்கள். பட்டாலியனின் போர் நாட்குறிப்பையும் பார்த்தால்தான் தெரியும். அது லண்டனில் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 வரிசையில் இருக்கிறது. அதிகாரிகளின் கோப்புகள் டபிள்யூ.ஓ. 339, 374 வரிசைகளில்.

பதவியைப் பொறுத்தவரை, நிரந்தரப் பதவி, தற்காலிகப் பதவி, பொறுப்புப் பதவி மூன்றும் வேறு. பதவி உயர்வு அரசிதழில் வருவதற்குள் ஆள் இறந்திருப்பார், ஆனால் உயர்வு பழைய தேதியிட்டு வரும். எதை எழுதுவது என்று முதலிலேயே ஒரு விதி வைத்துக்கொண்டு எல்லாருக்கும் அதையே பின்பற்றுங்கள்.

'முதல்' என்ற சொல்

வால்டர் டல் டாட்டன்ஹாமிலும் நார்தாம்ப்டனிலும் ஆடிய கால்பந்து வீரர். பார்படோஸிலிருந்து வந்தவரின் மகன், அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டின் 23ஆம் பட்டாலியனில் செகண்ட் லெப்டினன்டாக 1918 மார்ச் 25 அன்று கொல்லப்பட்டார். உடல் கிடைக்கவில்லை, பெயர் ஆராஸ் நினைவுச் சுவரில் இருக்கிறது. 'பிரிட்டிஷ் ராணுவத்தின் முதல் கறுப்பின அதிகாரி' என்று அவரைப் பற்றி எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அவர் அதிகாரியானது 1917இல். ஜமைக்காவில் பிறந்த ஜார்ஜ் பெமண்ட் 1915லேயே பீரங்கிப் படையில் அதிகாரியாகி, 1916 டிசம்பரில் இறந்துவிட்டார். ஒருவரைத் தூக்கிப் பேசப் போட்ட ஒரு சொல், இன்னொருவரை இல்லாமலே ஆக்கிவிடுகிறது. டல்லின் வாழ்க்கை 'முதல்' என்ற அடைமொழி இல்லாமலே நிமிர்ந்து நிற்கும்.

ஆறுதல் கடிதத்தைச் சாட்சியாக எடுப்பது

இறந்த அதிகாரியின் வீட்டுக்கு அவருடைய மேலதிகாரி கடிதம் எழுதுவார். 'உடனே உயிர் போயிற்று, வலியே தெரியவில்லை' என்று பெரும்பாலான கடிதங்களில் இருக்கும். அது தாய்க்குச் சொன்ன ஆறுதல், கருணையோடு எழுதியது. கடிதத்தைக் காட்சிக்கு வையுங்கள், ஆனால் இறந்த விதத்துக்கு அதை ஆதாரமாக்காதீர்கள். களத்திலேயே இறந்தவரும் காயம்பட்டு ஆஸ்பத்திரியில் இறந்தவரும் ஆவணங்களில் தனித்தனியாகவே பதிவாகியிருப்பார்கள்.

சிலரை நைசாக விட்டுவிடுவது

மேற்கு யார்க்‌ஷர் ரெஜிமென்ட்டின் 11ஆம் பட்டாலியனைச் சேர்ந்த செகண்ட் லெப்டினன்ட் எரிக் பூல், சோம் சண்டையில் குண்டதிர்ச்சிக்கு, அதாவது குண்டுவெடிப்புகளால் மனம் நிலைகுலைவதற்கு, ஆளானவர். பிறகு படையை விட்டு ஓடினார் என்று குற்றம் சாட்டி, 1916 டிசம்பர் 10 அன்று பெல்ஜியத்தின் பாப்பரிங்கவில் அவரைத் தங்கள் ராணுவமே சுட்டுக் கொன்றது. அவரைப் போன்றவர்களுக்கு 2006இல் சட்டம் போட்டு மன்னிப்பு வழங்கினார்கள். அதற்குப் பல காலம் முன்பே போர்க் கல்லறை ஆணையம் மற்றவர்களுக்கு வைத்த அதே கல்லைத்தான் அவருக்கும் வைத்திருந்தது. ஒரு பட்டாலியனின் இறந்த அதிகாரிகள் என்று தலைப்புப் போட்டுவிட்டு, மனதுக்குச் சங்கடமாக இருப்பவர்களை மட்டும் ஒதுக்குவது பெரிய அநியாயம்.

அதிகாரிகளோடு நின்றுவிடுவது

இது எனக்கு மிகவும் மனம் கனக்கிற விஷயம். போர் நாட்குறிப்புகளைப் புரட்டினால் அதிகாரிகளுக்குப் பெயர் இருக்கும், சிப்பாய்களுக்கு எண்ணிக்கைதான் இருக்கும். 1940இல் லண்டன் மீது விழுந்த குண்டுவீச்சில் சிப்பாய்களின் பணிப் பதிவேடுகளில் பாதிக்கு மேல் எரிந்துபோயின. அதனால் அதிகாரிகளைப் பற்றி எழுதுவது எளிது, அந்த எளிமைதான் பட்டியலின் எல்லையைத் தீர்மானித்துவிடுகிறது.

கல்லறைகள் விஷயமும் ஆரம்பத்தில் இப்படி அதிகாரிகளுக்கு ஒன்று, சிப்பாய்களுக்கு ஒன்று என்றுதான் போயிருக்கும். 1915 ஏப்ரலில் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரனான லெப்டினன்ட் ஒருவர் இறந்தபோது உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஏழைச் சிப்பாயின் குடும்பத்துக்கு அது முடியுமா? உடல்களைத் திருப்பி எடுத்துவர விரைவிலேயே தடை வந்தது. 1917 மே மாதம் ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியால் போர்க் கல்லறை ஆணையம் அமைந்தது. கேப்டனானாலும் சிப்பாயானாலும் ஒரே அளவுக் கல் என்று முடிவு செய்தார்கள். உயரம் 81 சென்டிமீட்டர், அகலம் 38. பணக்காரக் குடும்பங்கள் பலமாக எதிர்த்தும் அது மாறவில்லை.

அதிகாரிகளுக்கு மட்டும் பலகை வைக்கும் காரணம் உங்களுக்கு இருக்கலாம், ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் என்பது போல. சரி. அப்போதும் அதே நாளில் அதே பட்டாலியனில் எத்தனை சிப்பாய்கள் இறந்தார்கள் என்று ஒரு வரி சேருங்கள், ஒருவர் பெயராவது தேடிப் போடுங்கள். ஹாட்ஜ்சன் விழுந்த இடத்தில் அவருக்கு உதவியாளாக இருந்த சிப்பாயும் பக்கத்திலேயே இறந்து கிடந்ததாகச் சொல்வார்கள். கவிஞரைப் பற்றி எழுதும் எத்தனை பேர் அந்தச் சிப்பாயைத் தேடுகிறார்கள்?

நேரில் போகிறவர்களுக்கு

எழுத்து படத்தில் தெளிவாகத் தெரியட்டும் என்று கல்லில் மாவு தடவாதீர்கள், சுண்ணக்கட்டியால் தேய்க்காதீர்கள். பல கற்கள் போர்ட்லண்ட் சுண்ணாம்புக்கல், சீக்கிரம் தேயும். கொஞ்சம் தண்ணீர் தெளித்தாலே எழுத்து எடுப்பாகத் தெரியும்.

தவறு கண்ணில் பட்டால் இத்தனை வருஷத்துக்கு அப்புறம் என்ன என்று விட்டுவிடாதீர்கள். ஆதாரத்தோடு எழுதினால் ஆணையம் பரிசீலிக்கிறது. எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் மகன் ஜான், ஐரிஷ் கார்ட்ஸ் 2ஆம் பட்டாலியனில் 18 வயது அதிகாரி. 1915 செப்டம்பர் 27 அன்று லூஸ் சண்டையில் காணாமல் போனார். தந்தை வருடக்கணக்கில் தேடினார். பெயர் தெரியாதவர்களின் கல்லில் பொறிக்கும் 'இறைவன் அறிவான்' என்ற பொருளுள்ள வாசகத்தை ஆணையத்துக்குத் தேர்ந்து கொடுத்தவரும் அவர்தான். 1936இல் அவர் கண் மூடும்வரை மகன் கிடைக்கவில்லை. ஐரிஷ் கார்ட்ஸ் லெப்டினன்ட், பெயர் தெரியாதவர் என்று செயின்ட் மேரிஸ் கல்லறையில் ஒரு கல் இருந்தது. உடல் கிடைத்த இடத்தின் வரைபடக் குறியீட்டில் 'எச்' என்று இருக்க வேண்டிய எழுத்தை யாரோ 'ஜி' என்று எழுதிவிட்டதால், அந்த உடல் அவர் சண்டையிட்ட இடத்திலிருந்து வெகுதூரத்தில் கிடைத்ததாகப் பதிவாகியிருந்தது. 1992இல் அந்தக் கல்லில் ஜானின் பெயரைப் பொறித்தார்கள். சரியான அடையாளம்தானா என்று அதன் பிறகும் வருடக்கணக்கில் வாதம் நடந்தது. ஆவணங்களை மறுபடி புரட்டிப் பார்த்த பிறகு, ஆணையம் தன் முடிவை உறுதி செய்தது.