மலை ஈரத்தில் ஸ்பைக்ஸ் ஷூ: மாட்டுவதும் பராமரிப்பதும்

நீலகிரியில் ஸ்பைக்ஸ் ஷூ (அடியில், சோலில் ஆணிகள் திருகி மாட்டும் ஓட்டப்பந்தய ஷூ) ஓடித் தேய்வதைவிட ஈரத்தில் துருவேறிக் கெடுவதுதான் அதிகம். புதிதாக வாங்கியவர்கள் முதல் நாளிலிருந்தே இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஆணியின் நீளம்

தரைதான் முடிவு செய்யும். சிந்தெட்டிக் ட்ராக்குக்கு 6 மி.மீ. காய்ந்த மண், புல்தரைக்கு 9 மி.மீ. மழையில் ஊறிய புல்லுக்கும் சேற்றுக் கிராஸ் கன்ட்ரிக்கும் 12 மி.மீ. மலையில் மண் தரையில் பழகிவிட்டு, கோவைக்குப் போட்டிக்கு இறங்குபவர்கள் ஆணியை மாற்ற மறந்துவிடுகிறார்கள். சிந்தெட்டிக் ட்ராக் ஓட்டங்களுக்கு 9 மி.மீ.தான் உச்ச வரம்பு. சில மைதானங்களில் 6 மி.மீ.க்கு மேல் விடமாட்டார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. மாட்டுவது

ஓட்டையில் மண் இருந்தால் பின் ஊசியால் தோண்டி, பழைய பல் பிரஷால் தேய்த்து எடுங்கள். ஆணியின் மரையில் கடுகளவு வாசலின் தடவுங்கள். (தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஊட்டிக் குளிரில் அது உறைந்துதான் கிடக்கும்.) முதல் இரண்டு சுற்றை விரலாலேயே திருகுங்கள். ஆணி சாய்வாக ஏறினால் அங்கேயே இறுகும். உடனே கழற்றி நேராக வையுங்கள். அப்போது சாவியை (ஆணியைத் திருகும் கருவி) போட்டு அழுத்தினால் மரை அறுந்துவிடும், பிறகு அந்த ஓட்டையில் எந்த ஆணியும் நிற்காது. நேராக ஏறியபின் சாவியால் இறுக்குங்கள். ஆணியின் அடித்தட்டு சோலோடு ஒட்டி உட்கார்ந்தால் போதும். முதல் ஓட்டம் முடிந்ததும் ஒருமுறை சரிபாருங்கள், புது ஆணி கொஞ்சம் தளரும்.

ஒரு ஓட்டையையும் காலியாக விடாதீர்கள். சேறு புகுந்து கல்லாகிவிடும்.

3. பழகுவது

குதிகால் உயரம் குறைவு என்பதால் கெண்டைக்காலும் குதிநரம்பும் இழுக்கும். முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், 60 முதல் 80 மீட்டர் வரை நான்கைந்து ஓட்டம் மட்டும். வலி இருந்தால் அன்று சாதாரண ஷூ. மைதானத்துக்கு ஸ்பைக்ஸ் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். தார் ரோட்டில் ஆணி மழுங்கும், இறக்கத்தில் வழுக்கும்.

4. ஓடி முடித்ததும்

ஷூவின் ஆயுள் இங்கேதான் இருக்கிறது. சேறு காய்வதற்குள் பிரஷாலும் ஈரத் துணியாலும் எடுங்கள். ஷூவைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம், வாஷிங் மெஷினும் வேண்டாம். இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் நனைந்துவிடும், மாற்றுங்கள். மழை நாளில் மூன்று முறைகூட மாற்ற வேண்டியிருக்கும். அடுப்போரம், ஹீட்டர் முன்னால் வைத்தால் சீக்கிரம் காயும் என்று தோன்றும். ஆனால் சூட்டில் பசை இளகி சோல் பிரியும். காற்றோட்டமான நிழல் போதும். நன்றாகக் காயாமல் பையில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஜூன் முதல் நவம்பர் வரை வாரம் ஒருமுறை எல்லா ஆணியையும் கழற்றித் துடைத்து, வாசலின் தடவி மாட்டுங்கள். பத்து நிமிட வேலை. பல மாதம் கழற்றாத ஆணி துருவேறி உள்ளேயே பிடித்துக்கொள்ளும்.

5. சிக்கிய ஆணி

துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் சாவியை நன்றாக அழுத்தி, முதலில் மெல்ல இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். சாவி பிடிக்கும் விளிம்பு தேய்ந்திருந்தால் பிளையரால் அடித்தட்டைப் பிடியுங்கள். ஆணியோடு சேர்ந்து சோலுக்குள் இருக்கும் உலோகக் கூடும் சுற்றினால் நிறுத்திவிடுங்கள்; மேலும் முறுக்கினால் சோலே கிழியும்.