கோட் சூட் தைக்கக் கொடுக்கும் முன்: சென்னையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாணத்துக்குக் கோட் தைக்கிற பலர் துணிக்கடையில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு, டெய்லர் முன்னால் பத்து நிமிடம்கூட நிற்பதில்லை. பணமும் அதே கணக்கில் மேல்துணிக்கே போய்விடுகிறது. உள்ளே என்ன வைக்கப்போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் சென்னை வெக்கையில், மேடை விளக்குகளுக்கு அடியில், ரிசப்ஷன் வரிசை முடியும்வரை அந்தக் கோட்டோடு நிற்க முடியுமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது உள்ளே இருப்பவைதான்: லைனிங் என்கிற உள்துணி, நெஞ்சுப்பகுதியை நிமிர்த்தும் கேன்வாஸ், தையலுக்குள் விட்டு வைக்கும் துணி.

லைனிங்கிலிருந்தே தொடங்கலாம், அதிகம் ஏமாறுவது அங்கேதான். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பல கடைகளில் பாலியஸ்டர் லைனிங்தான் போடுவார்கள். விலை குறைவு, பளபளப்பு அதிகம், எல்லா நிறமும் கிடைக்கும். ஆனால் பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. மேலே எவ்வளவு நல்ல கம்பளித் துணி இருந்தாலும், உள்ளே கோட் முழுக்கப் பாலியஸ்டர் ஓடினால் காற்று போக வழியில்லை. விஸ்கோஸ் லைனிங் கேளுங்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் குப்ரோ கேளுங்கள், பெம்பெர்க் என்ற பெயரிலும் கிடைக்கும். பஞ்சுக்கொட்டையில் ஒட்டியிருக்கும் சிறு இழைகளிலிருந்து செய்வது, ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

அடுத்தது, லைனிங் எவ்வளவு தூரம் வரவேண்டும் என்பது. நம் ஊருக்கு அரை லைனிங் போதும். முன்பக்கம், மேல்முதுகு, கை ஆகியவற்றில் மட்டும் இருக்கட்டும், கீழ்முதுகைத் திறந்து விடச் சொல்லுங்கள். கையில் மட்டும் லைனிங்கைத் தவிர்க்காதீர்கள், இல்லையென்றால் சட்டைக்கை கோட்டுக்கைக்குள் வழுக்கிப் போகாமல் சிக்கும். அரை லைனிங் என்றால் கூலி குறையும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. உள்தையல்கள் வெளியே தெரியும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் பைப்பிங் (ஓரத்தை மூடும் துணிப்பட்டி) கட்டி முடிக்க வேண்டும். வேலை கூடும்.

துணி வாங்கும்போது

'சூப்பர் 150' என்று சொன்னதும் மயங்கிவிடுகிறோம். அந்த எண் சொல்வது கம்பளி இழையின் மென்மையை மட்டும்தான். சூப்பர் 100 என்றால் இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்குள், சூப்பர் 120 என்றால் 17.75, சூப்பர் 150 என்றால் 16.25. எண் ஏற ஏறத் துணி மெத்தென்று இருக்கும், அதே அளவுக்குச் சீக்கிரம் கசங்கும், உரசும் இடத்தில் சீக்கிரம் தேயும். பைக் சீட்டில் உட்கார்ந்து ஆபீஸ் போகிறவருடைய பேண்டுக்குச் சூப்பர் 150 தேவையே இல்லை. 100 அல்லது 110 போதும்.

மெல்லிய துணி என்றால் வேர்க்காது என்பதும் தவறான நினைப்பு. எடையைவிட நெசவுதான் முக்கியம். முறுக்கு அதிகமான நூலில், இழைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு நெய்த டிராபிகல் கம்பளி 280 கிராம் இருந்தாலும், நெருக்கி நெய்த 230 கிராம் துணியைவிடக் காற்றோட்டமாக இருக்கும். முறுக்கேறிய நூல் என்பதால் கசங்கினாலும் தொங்கவிட்டால் தானே நேராகும். துணியைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், புள்ளிப்புள்ளியாக ஒளி தெரிய வேண்டும். வாயை வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு மறுபக்கம் வர வேண்டும். சென்னைக்கு 240 முதல் 280 கிராம் சரி. இந்தக் கணக்கு சுமார் 58 அங்குல அகலத் துணியில் ஒரு மீட்டர் நீளத்துக்கு. சிலர் ஒரு சதுர மீட்டருக்குச் சொல்வார்கள், அப்போது எண் மூன்றில் ஒரு பங்கு குறையும். எந்தக் கணக்கு என்று கேட்டுவிடுங்கள்.

கோடவுன் தெருவிலோ சவுகார்பேட்டையிலோ மலிவாகச் சூட் பிட் வாங்குகிறவர்கள், கம்பளி என்று சொல்லி டெர்ரி ரேயானோ (பாலியஸ்டர், விஸ்கோஸ் கலப்பு) டெர்ரி வூலோ (பாலியஸ்டர், கம்பளி கலப்பு) தருகிறார்களா என்று பார்க்க ஓரத்திலிருந்து நாலைந்து இழைகளை உருவி எரித்துப் பாருங்கள். கம்பளி பொசுங்கிய முடி வாசனையோடு எரியும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும், சாம்பல் விரலில் நசுங்கும். பாலியஸ்டர் உருகிக் கடினமான உருண்டையாகிவிடும். இரண்டும் கலந்திருந்தால் இரண்டும் தெரியும். டெர்ரி ரேயான் வாங்குவது குற்றமில்லை, கம்பளி விலை கொடுத்து வாங்கக் கூடாது.

இரண்டு பட்டன் கோட்டும் பேண்டும் சராசரி உடம்புக்கு 58 அங்குல அகலத்தில் 3 முதல் 3.25 மீட்டர் பிடிக்கும். கட்டம் போட்ட துணி என்றால் கால் முதல் அரை மீட்டர் கூடுதலாக வாங்குங்கள், இல்லையென்றால் பாக்கெட்டிலும் பக்கத் தையலிலும் கட்டங்கள் சேராது. கோட், பேண்ட் இரண்டுக்கும் ஒரே ரோலிலிருந்து, ஒரே நாளில் வாங்க வேண்டும். பின்னால் போய் 'அதே கலர்' கேட்டால் பகல் வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியும்.

லினன் என்றால் லீ எண்ணைக் கேளுங்கள், எண் ஏற ஏற நூல் மெல்லியது. 60 லீ சட்டைக்கு. பேண்டுக்கும் கோட்டுக்கும் எண் குறைந்த, தடித்த நூல்தான் நிற்கும். 60 லீயில் பேண்ட் தைத்தால் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்ததும் முட்டியில் பை விழும்.

ஃபியூசிங்கா, கேன்வாஸா

கோட்டின் நெஞ்சுப்பகுதி நிமிர்ந்து நிற்க உள்ளே ஒரு அடுக்கு வேண்டும். ஃபியூசிங் என்பது பசை தடவிய துணியைச் சூட்டில் ஒட்டுவது. சூடு, அழுத்தம், நேரம் மூன்றும் சரியாக அமைந்தால்தான் ஒட்டும், அதற்கு பிரஸ் மெஷின் வேண்டும். கை இஸ்திரிப் பெட்டியில் ஒட்டியது சில டிரை கிளீனிங்குக்குப் பிறகு அங்கங்கே விட்டுப்போய் நெஞ்சில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அதைத் திருப்பி ஒட்ட வழியில்லை. கேன்வாஸ் என்பது குதிரை முடி, கம்பளி, பருத்தி கலந்த அடுக்கைத் தையலாலேயே பிடித்து வைப்பது. பசை கிடையாது, உடம்புச் சூட்டில் மெல்ல மெல்ல உருவத்துக்கு ஏற்ப வளையும்.

தோளிலிருந்து நெஞ்சுக்குச் சற்றுக் கீழே வரை வரும் அரை கேன்வாஸ் பலருக்குப் போதும், செலவுக்கும் அதுவே நியாயம். லினன் கோட்டுக்கு அதுவும் வேண்டாம், கனமான எதையும் உள்ளே வைக்காதீர்கள். கேன்வாஸ் என்று சொல்லி ஃபியூசிங் வைத்துவிட்டார்களா என்று சந்தேகமா? கடைசி பட்டன் துளைக்குக் கீழே, மேல்துணியை ஒரு கையிலும் உள்துணியை மறு கையிலும் கிள்ளி விலக்குங்கள். நடுவில் மூன்றாவதாக ஒன்று தனியே நகர்ந்தால் முழு கேன்வாஸ். அரை கேன்வாஸ் அவ்வளவு தூரம் வராது, அதை நெஞ்சுப் பக்கத்தில் கிள்ளிப் பார்க்க வேண்டும். மூன்று நாளில் தைத்துத் தருகிறேன் என்றால் கேட்கவே வேண்டாம், உள்ளே ஃபியூசிங்தான்.

அளவும் ட்ரையலும்

'கை தூக்க வசதியா இருக்கணும், அக்குளில் கொஞ்சம் லூசா விடுங்க மாஸ்டர்' என்று சொல்வதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ஆர்ம்ஹோல் (கோட்டில் கை சேரும் துளை) கீழே இறங்கினால் கை கோட்டின் உடம்போடு சேர்ந்துவிடுகிறது. கையைத் தூக்கியதும் முழுக் கோட்டும் மேலே ஏறும், காலர் கழுத்தை விட்டுப் பிரியும். ஆர்ம்ஹோல் மேலே, அக்குளுக்கு அருகில் இருந்தால் கை தனியாக அசையும், கோட் இருந்த இடத்தில் இருக்கும். போட்டதும் சற்று இறுக்கமாகத் தோன்றும், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். இதில் பின்னால் திருத்தமும் கிடையாது, கீழே வெட்டியதை மேலே ஏற்றத் துணி இருக்காது.

தோள், ஆர்ம்ஹோல், கோட்டின் நீளம் மூன்றும் வெட்டிய பிறகு பெரிதாக மாறாது. இடுப்பு, கைநீளம், பேண்டின் நீளம் மாற்றலாம். ஆகவே முதல் ட்ரையலில் முதல் மூன்றை மட்டும் பாருங்கள். அந்த ட்ரையல் நூலோட்டிய நிலையில், பாக்கெட் வெட்டும் முன் இருக்க வேண்டும். முழுதாகத் தைத்து வைத்துவிட்டு 'ட்ரையல் பாருங்க' என்று கூப்பிட்டால் அது டெலிவரிதான். பட்டன் போட்டதும் நடுவில் பெருக்கல் குறிபோல் இழுத்தால் இடுப்பு இறுக்கம். பின்கழுத்தில் சட்டைக் காலருக்கும் கோட்டுக் காலருக்கும் இடைவெளி இருந்தால் உடனே சொல்லுங்கள், 'இஸ்திரி போட்டா சரியாயிடும்' என்ற பதிலை ஏற்காதீர்கள்.

கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்ப்பதோடு முடித்துக்கொள்ளவும் கூடாது. உட்காருங்கள். போனைக் காதில் வையுங்கள். மாப்பிள்ளை என்றால் பெரியவர்கள் காலில் விழுவதுபோல் குனிந்து எழுந்து பாருங்கள், பேண்டின் பின்தையல் கிழிவது பெரும்பாலும் அப்போதுதான். அந்தத் தையலை இரண்டு முறை ஓட்டச் சொல்லுங்கள். உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விடச் சொல்லுங்கள், உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். கோட்டுக்கையில் உண்மையான காஜா (பட்டன் துளை) வேண்டுமென்றால் கைநீளம் உறுதியான பிறகே எடுக்க வேண்டும். காஜா எடுத்துவிட்டால் கீழிருந்து குறைக்க முடியாது.

அளவுக்குப் பழைய சட்டையைக் கொடுக்கிறவர்கள், அது லைக்ரா கலந்த ரெடிமேட் இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். இழுத்துக் கொடுக்கும் துணியின் அளவில் பருத்திச் சட்டை தைத்தால் முதுகு பிடிக்கும். பருத்தியையும் லினனையும் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்திய பிறகே வெட்டக் கொடுங்கள். காலருக்குள் வைக்கும் பக்ரத்தையும் நனைத்துத்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் முதல் சலவையிலேயே காலர் சுருண்டுகொள்ளும்.

நேரம்

கேன்வாஸ் வைத்து, இரண்டு ட்ரையலோடு தைக்க ஆறிலிருந்து எட்டு வாரம் கொடுங்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லை என்பதால் டெய்லருக்குச் சற்று மூச்சுவிட நேரம் இருக்கும். ஆவணியில் கல்யாணம் என்றால் ஆனியிலேயே துணியைக் கொடுத்து, ட்ரையலை ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் யாரிடமும் கோட் கொடுக்காதீர்கள், கட்டிங் மாஸ்டரின் கவனம் உங்களுக்குக் கிடைக்காது.

கோட்டைவிடப் பேண்ட் சீக்கிரம் தேயும், முக்கியமாகத் தொடை உரசும் இடம். அதனால் முடிந்தால் ஒரு கோட்டுக்கு இரண்டு பேண்டாக, மேலும் 1.2 மீட்டர் துணி சேர்த்து வாங்கித் தைத்துக்கொள்ளுங்கள். வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகளை டெலிவரியன்று கேட்டு வாங்கி, கோட்டோடு ஒரு பருத்திப் பையில் வையுங்கள். டிரை கிளீனிங் கடை தரும் பிளாஸ்டிக் உறையிலேயே விட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடித்துவிடும்.